பைக்கடை வாசலில் ஒரு அறிவுரை

அலுவலகத்தில் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கூட்டத்தில் மேலாளர் ஒரு புதிய மென்பொருளின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள், மேசைக் கோடியிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கும். கேட்டதுமே மற்றவர்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். இனி வெகுநேரத்துக்கு யாரும் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆள் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. நிரலில் மற்றவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் பிழையை ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் பிடித்துவிடுவார். பிடித்ததோடு விட்டால் பரவாயில்லை. அதை எழுதியவன் எந்தப் புத்தியில் எழுதினான், அந்தப் புத்தியை அவனுக்குக் கொடுத்த நிரல்மொழி எது, அந்த மொழியை ஆக்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஏழு தலைமுறையை இழுத்து முடித்த பிறகுதான் பிழையைத் திருத்துவார். பிழை செய்த பையன் அதற்குள் கழிவறைப் பக்கம் போய் ஒளிந்திருப்பான்.

மென்பொருளைப் பற்றி அவருடைய கொள்கை எளிமையானது. கூப்பிட்டால் வரவேண்டும், போகச் சொன்னால் போகவேண்டும், நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. திரையில் தெரியும் பட்டன்களின் முனையை மழுக்கி வட்டமாக்கிய அன்றைக்கே இந்தத் தொழில் கெட்டுவிட்டது என்பார். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு எதற்குக் கடவுச்சொல் என்று கேட்பார். அப்டேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு மூக்குச் சிவந்துவிடும்.

"வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூட சாமானைத் தூக்கிட்டுத்தான் போவான். எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சுட்டு, 'உங்களுக்காகப் புதுப்பிச்சிருக்கோம்'னு சீட்டு எழுதி வெச்சுட்டா போவான்?" என்பது கணினியைத் திறந்ததும் அவர் சொல்லும் காலை வாழ்த்து.

பிரவுசர் விஷயம் மட்டும் கொள்கை இல்லை, அது பக்தி. ஊரே பயன்படுத்தும் அந்தப் பெரிய பிரவுசரின் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். ஆகாத பங்காளியைப் பற்றிப் பேசுவது போல 'அது' என்பார். அது வேவு பார்க்கிறது, அது நினைவகத்தைத் தின்கிறது, அது நாம் என்ன நினைக்கிறோம் என்று நமக்கு முன்னால் தெரிந்துகொள்கிறது. அவர் வைத்திருந்தது வேறொன்று. எங்கெங்கோ இருக்கும் சிலர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து ஆக்கியது. கேட்டால் ஒழியப் படம் காட்டாது. பாதிப் பக்கங்கள் அதில் கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தெரியும். வங்கியின் பக்கம் திறக்கவே திறக்காது. அதற்காக அவர் பிரவுசரை மாற்றவில்லை, வெயிலில் நடந்து வங்கிக்குப் போய் வரிசையில் நின்றார். நின்றதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னார்.

வீட்டில் இருந்த எல்லாக் கருவிகளிலும் அதைத்தான் ஏற்றி வைத்திருந்தார், மனைவியின் போன் உட்பட. போன வருடம் ஒரு குடும்ப விசேஷத்தில் தன் அக்காவின் போனைத் தற்செயலாக வாங்கிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் வைத்தே அவளுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். அவள் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டு நிமிர்ந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவள், தம்பி என்பதால் பொறுத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

இவ்வளவு கருத்தையும் ஒரு மனிதன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது? அதற்குத்தான் இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. இவரைப் போலவே நினைப்பவர்கள் கூடும் இடம். புதிதாக ஒருவர் வந்து ஏதாவது கேட்டால், 'முதலில் தேடிப் பார்த்தீர்களா?' என்பதுதான் அங்கே வரவேற்புரை. ஒருமுறை, நிரல் எழுதும்போது வரிக்கு முன்னால் விடும் இடைவெளியை எந்த விசையால் விடுவது என்பதில் சண்டை வந்து மன்றம் இரண்டாக உடைந்தது. கோபித்துக்கொண்டு போனவர்கள் தனி மன்றம் வைத்தார்கள். அங்கேயும் சண்டை. கடைசியில் அந்தப் பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு மன்றம் என்று ஆகி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு உறுப்பினர் ஒற்றுமையாக இருந்தார்.

நம் ஆள் உடையாத பக்கத்தில் இருந்தார். அந்த மன்றத்தின் தலைவர் கறுப்புத்திரை என்ற பெயரில் எழுதுபவர். ஆணா பெண்ணா, கிழவரா இளைஞரா என்று எவருக்கும் தெரியாது. அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் 'நன்று' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் நம் ஆளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

இனி மனைவி. தோள்பைகள் தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனியின் தையல் கூடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவர். முரட்டுக் கித்தான் துணியில் தோள்பை தைத்தால், அதில் செங்கல்லை அடுக்கித் தூக்கினாலும் வார் பிய்யாது. அந்த வேலையை விட்டுவிட்டு, தெருமுனையில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு தையல் இயந்திரம் போட்டுச் சொந்தமாகத் தொடங்கினார். இணையத்தில் விற்கலாம் என்று யோசனை. கடை வைத்துக்கொள்ள ஆயத்தமான தளங்கள் எத்தனையோ இருக்கின்றன, அதில் ஒன்றில் படத்தைப் போட்டால் போதும் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள்.

எதிர்க்கட்சி கொதித்துவிட்டார். அதெல்லாம் அடுத்தவன் இடத்தில் கடை போடுவது, நாளைக்கே வெளியே போ என்பான், நமக்கென்று சொந்தமாக ஒரு பக்கம் வேண்டும், நான் எதற்கு இருக்கிறேன் என்றார்.

"நான் கடை போட்டிருக்கிறதே வாடகை ரூம்லதாங்க," என்றார் மனைவி. அது அவர் காதில் விழவில்லை.

பக்கத்தை ராப்பகலாக உட்கார்ந்து ஆக்கினார். பொய் சொல்லக் கூடாது, உண்மையிலேயே ஆசையாகத்தான் செய்தார். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் மனைவிக்கு அவர் தன் கையால் செய்து கொடுத்த முதல் பொருள் அது. விளம்பரம் இல்லை, வேவு இல்லை, குதிக்கிற படம் இல்லை. பை, அதன் படம், விலை, வாங்கு என்ற பட்டன். முனை மழுங்காத பட்டன். அதை முதலில் காட்டியது மனைவிக்கு அல்ல, மன்றத்துக்கு. கறுப்புத்திரை நெடுநேரம் கழித்து வந்து 'நன்று' என்று எழுதினார். கூடவே இன்னொரு வரியும் எழுதினார். 'அதை' வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வாசலிலேயே நாலு வார்த்தை சொல்லி அனுப்பலாமே.

தலைவர் சொன்ன பிறகு தாமதிப்பாரா? அன்றைக்கே எழுதிவிட்டார். பெரிய பிரவுசரில் வருகிறவர்களுக்குப் பைகள் தெரிவதற்கு முன்னால் ஓர் அறிவுரை வந்து நிற்கும். அடியில் ஒரு சிறிய கட்டம், அதில் குறியிட்டால்தான் உள்ளே போகலாம். மன்றம் கைதட்டியது. சிலர் கட்டுரையாகவே பாராட்டினார்கள். அவரும் மகிழ்ந்தார், பிறகு மறந்தும் போனார். மறக்காமல் என்ன செய்வார்? வாசலில் 'நாய் கடிக்கும்' என்று பலகை மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகவே போய்வருகிறவருக்கு அந்தப் பலகை கண்ணில் படுமா? வீட்டிலிருந்த எந்தக் கருவியிலும் அந்த அறிவுரை வரவே வராது.

ஆர்டர் வரவில்லை.

முதல் மாதம் போகப் போகத்தான் வரும் என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். வேடிக்கை என்னவென்றால் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவரே தினமும் கணக்கைப் பார்த்து, இன்றைக்கு இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்வார். மன்றத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, எங்கிருந்தெல்லாமோ வந்து பக்கத்தின் நிரலைப் பிரித்துப் பார்த்து ரசித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் பை தேவைப்படவில்லை. இது அவருக்குத் தோன்றவில்லை, மனைவிக்குத் தெரிய வழியில்லை.

மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இவ்வளவு பேர் வந்து என் பையைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு ஒருவர்கூட வேண்டாம் என்று போய்விடுகிறார்கள்.

அதனால் பையை மாற்றினார். வாரை நீளமாக்கினார். ஜிப்பை மாற்றி விலை உயர்ந்த ஜிப் போட்டார். வெளியே ஒரு பாக்கெட் வைத்தார், பிறகு உள்ளே ஒன்று, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. கடைசியாகத் தைத்த பையில் ஒரு பொருளைப் போட்டால் எந்தப் பாக்கெட்டில் போட்டோம் என்று தேட அரை நாள் ஆகும். தேவையில்லாத வசதிகளைக் கூட்டிக்கொண்டே போவதுதான் மென்பொருளின் சாபக்கேடு என்று தினமும் அலுவலகத்தில் முழங்குகிறவர், வீட்டில் அந்தப் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மக்களுக்கு ரசனை போய்விட்டது என்றார்.  மனைவி பையை வாங்கி அலமாரியில் வைத்தார்.

இதற்கு நடுவில் அக்காவும் பேச்சை நிறுத்திவிட்டாள். கடை தொடங்கியபோது மனைவி அவளுக்கு ஒரு தோள்பை தைத்துக் கொடுத்திருந்தார். அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறையாக மெச்சிக்கொண்டு போனவள், பிறகு போன் எடுப்பதில்லை, வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவளுக்கு வேலை அதிகம் என்றார் அவர். மனைவி அப்படி நினைக்கவில்லை. அண்ணிக்குக் கொடுத்த பை பிய்ந்திருக்கும், முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். வேற்று ஆட்கள் வாங்காததைவிட இது அவரை அதிகமாக அரித்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது மனைவி சாதாரணமாகச் சொன்னார். அறையைக் காலி செய்வதாக மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டாராம். பழைய கம்பெனியில் பேசியாயிற்றாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். பழைய இடம் காலி இல்லை, அவரே கைபிடித்து ஊசி கோக்கச் சொல்லிக்கொடுத்த பெண் இப்போது மேற்பார்வையாளர், அவளுக்குக் கீழேதான் இடம். எதிர்க்கட்சி தொண்டையைச் செருமினார். மனைவி நிமிர்ந்து பார்த்த பார்வையில் செருமலோடு நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்த அறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தைத்த பைகளைப் பெட்டிகளில் அடுக்கப் பெட்டி போதவில்லை. இன்னும் நாலு அட்டைப்பெட்டி வாங்கி வர மனைவி கீழே மருந்துக்கடைக்கு இறங்கினார். அவர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா. இயந்திரத்தில் ஒன்றை விற்கப் போகிறேன், யாருக்காவது வேண்டுமா என்று மனைவி அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தோளில் அந்தப் பை தொங்கியது. அதன் வார் பிய்யவில்லை.

"டேய், நான் உனக்கு என்னடா பாவம் பண்ணினேன்?" என்றாள் உட்காராமலே.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா சொல்லத் தொடங்கினாள். அவளுடைய பையைப் பார்த்து வார்டில் இருந்த நர்ஸ்கள் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டதாம். ஆளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், என் தம்பி பெண்டாட்டிதான் தைக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லி, ஓய்வறையில் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்துத் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். திறந்ததும் வந்ததை, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிட்டாள்.

"இப்பவும் அப்படியேதான் இருக்கு. கேட்டுக்கோ." போனை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். "'உங்களுக்கு எத்தனை முறை சொல்வது? நீங்கள் வைத்திருப்பது உங்களை வேவு பார்க்கும் பிரவுசர். தெரிந்தே வைத்திருந்தால் அது சோம்பேறித்தனம். தெரியாமல் வைத்திருந்தால் அறியாமை. இரண்டில் நீங்கள் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.' இதுக்குக் கீழ ஒரு கட்டம் வேற. 'ஆம், என் அந்தரங்கத்தைத் தெரிந்தேதான் தெருவில் விடுகிறேன்.' அதுல நான் டிக் போடணுமாம். என் கீழ வேலை பார்க்கிற பிள்ளைங்க முன்னாடி."

வெட்கக்கேடான ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் எதிர்க்கட்சியின் மனதில் முதலில் எழுந்தது, நடை நன்றாக இருக்கிறதே, யார் எழுதியது என்ற எண்ணம்தான். அடுத்த நொடிதான் எழுதியது தானே என்று உறைத்தது.

"அக்கா, அது உனக்கு எழுதினது இல்ல."

"பொய் சொல்லாத. அன்னிக்குப் பந்தியில இதையேதானே சொன்னே? எத்தனை முறை சொல்வதுன்னு கேட்டா வேற யாரைக் கேக்குறியாம்?"

"சத்தியமா இல்லக்கா. அது பொதுவா எழுதினது. எல்லாருக்கும் வரும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். ஊசி போட நரம்பு தேடுகிறவள் மாதிரி தம்பியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"எல்லாருக்குமா? அப்ப பை வாங்க வந்த அத்தனை பேரையும் இப்படித் திட்டித்தான் அனுப்பினியா?"

 அவர் சுற்றிலும் பார்த்தார். கட்டிய பெட்டிகள். துணி போர்த்திய இயந்திரங்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் கையில் இருப்பது 'அது'தான். அதைச் சொல்லிச் சொல்லித்தானே அவர் இத்தனை வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார். அந்த முக்கால்வாசிப் பேரையும் மனைவியின் கடை வாசலில் நிற்கவைத்து, சோம்பேறியா முட்டாளா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மீதி வந்தவர்கள் நிரலை ரசிக்க வந்தவர்கள்.

அவர் மூளை வேகமாக வேலை செய்யும் மூளை. அது உடனே ஒரு வழியையும் கண்டுபிடித்துக் கொடுத்தது. பேசாமல் அந்த அறிவுரையை எடுத்துவிட்டால் போதும், இரண்டே நிமிடம். நாளைக்கே ஆர்டர் வரும். நர்ஸ்கள் எல்லோரும் வாங்குவார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பக்கத்தைச் சரிசெய்தேன், அதனால்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். மனைவி வேலைக்குப் போகமாட்டார். தனக்கு நல்ல பெயரும் கிடைக்கும். கச்சிதமான திட்டம், ஓர் ஓட்டைகூட இல்லை.

"அக்கா, நீ அவகிட்ட எதுவும் சொல்லிடாதே," என்றார்.

"நான் ஏன் சொல்றேன். நீ சொல்லு." அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மனைவி அட்டைப்பெட்டிகளோடு ஏறி வந்தார். அக்காவைப் பார்த்ததும் அவர் கண் போனது அக்காவின் முகத்துக்கு அல்ல, மடியில் இருந்த பைக்கு. கிட்டே வந்து, குசலம்கூட விசாரிக்காமல், வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தும் இன்னொரு முறை இழுத்தார்.

"எங்க பிஞ்சது, அண்ணி? சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

அதைப் பார்த்த பிறகு எதிர்க்கட்சியால் அந்தக் கச்சிதமான திட்டத்தோடு நிற்க முடியவில்லை.  மேலாளர்களை, பெரிய கம்பெனிகளை, உலகத்தின் சரிபாதி நிரலாளர்களைக் கிழித்துத் தோரணம் கட்டிய வாய், இப்போது நாலு வார்த்தைக்குத் திண்டாடியது. பிரவுசர் என்று தொடங்கினார், மென்று விழுங்கினார். மன்றத்தில் ஒருவர் சொன்னார் என்று தொடங்கினார், அதையும் விட்டார். கடைசியில் அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி, அந்த அறிவுரையை மனைவியின் கண்ணெதிரே பிடித்தார்.

"இதை நான்தான் எழுதினேன். நம்ம போன்ல வராது. மத்த எல்லாருக்கும் முதல்ல இதுதான் வரும். வாங்க வந்த யாரும் உன் பையைப் பார்க்கவே இல்ல. பார்க்க நான் விடல."

மனைவி படித்தார். கட்டத்தில் குறியிடச் சொன்ன வரி வரைக்கும், உதடு அசைய, நிதானமாகப் படித்தார். எதிர்க்கட்சி தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்குக் காத்திருந்தார். அவருக்கு நியாயமாக வரவேண்டிய திட்டு எவ்வளவு என்று அவருக்கே தெரியும்.

"பார்த்துட்டு வேணாம்னு போகலையா?"

"பார்க்கவே இல்ல."

"முதல்ல தச்சேனே, பாக்கெட்டே இல்லாம, அது?"

"அதையும்தான்."

மனைவி இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அவர் அழுதது கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருவருக்கும் தெரிந்தது, ஏனென்றால் சிரித்துக்கொண்டே அழுதார்.

"இத்தனை மாசமா ராத்திரி படுத்துக்கிட்டு என் கையையே பார்த்துக்கிட்டு இருப்பேங்க. இந்தக் கைக்கு என்ன வந்துச்சுன்னு."

எதிர்க்கட்சிக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அக்கா அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகுதான் திட்டு வந்தது. அது நன்றாகவே வந்தது, கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்க நின்றவர்கள்கூட அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு. நடுநடுவே அக்காவும் எடுத்துக்கொடுத்தாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. லேப்டாப்பைத் திறந்து அறிவுரையை வேரோடு எடுத்தார். 'அதை' முதன்முறையாகத் தன் கணினியில் இறக்கி, அதற்குள் போய்க் கடையைப் பார்த்தார். பை, படம், விலை, பட்டன், எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. மன்றத்தில் கறுப்புத்திரை அதற்குள்ளாகவே, வாசலில் இருந்ததைக் காணோமே என்று கேட்டிருந்தார். அவர் அதைப் படித்துவிட்டு, பதில் எழுதாமல் மூடினார்.

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய கம்பெனி மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, நாளைக்கு வரவில்லை என்றார். மருந்துக்கடைக்காரரிடம் அறை வேண்டும் என்று சொல்ல அக்கா கீழே இறங்கினாள். அவள் சொன்னால் மறுக்க மாட்டார். கட்டிய பெட்டிகளில் ஒன்றை எதிர்க்கட்சி தானாகவே பிரித்து, உள்ளே இருந்த பையை எடுத்து உள்பக்க அலமாரியில் வைக்கப் போனார்.

"அங்க இல்லங்க," என்றார் மனைவி. "ஜன்னல் பக்கத்துல மாட்டுங்க. தெருவுல போறவங்களுக்குத் தெரியட்டும்."

ஜன்னல் பக்கம் வெயில் படும், துணி வெளுத்துப்போகும் என்று எதிர்க்கட்சிக்கு ஒரு கருத்து இருந்தது. அவர் அதைச் சொல்லாமல் பையைக் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் மாட்டினார்.